மைன்கிராஃப்டில் மேப் ஆர்ட்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

நண்பர்கள் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஆடும் எங்கள் சர்வரில், ஸ்பான் (ஆட்டத்துக்குள் வருகிறவர் முதலில் தோன்றும் இடம்) மண்டபத்துச் சுவரில் ஒரு யானைப் படம் தொங்குகிறது. அகலத்தில் மூன்று, உயரத்தில் இரண்டு என ஆறு மேப். புதிதாக உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் பத்து நிமிடத்துக்குள் அதன் முன்னால் நின்று "இது எப்படிண்ணா?" என்று கேட்டுவிடுவார். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்கள் கணினியில் ஆடும் ஜாவா பதிப்புக்கானவை. மொபைலிலும் ஓடும் பெட்ராக் பதிப்புக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

மேப் ஆர்ட்னா என்ன? சுவத்துல கலர் பிளாக் அடுக்குற பிக்சல் ஆர்ட் தானே?

இல்லை. பிக்சல் ஆர்ட்டில் நீங்கள் கட்டிய பிளாக்கையே (ஆட்ட உலகின் கனசதுரச் செங்கல்) நேரில் பார்க்கிறீர்கள். மேப் ஆர்ட்டில் தரையில் ஒரு பெரிய சதுரமாக பிளாக் பரப்புகிறோம். கையில் மேப்பைத் திறந்தால் அந்தச் சதுரத்தை மேலிருந்து பார்த்தது போல வரைந்து காட்டும். அந்த மேப்பை ஐட்டம் ஃபிரேமில் (பொருளைச் சுவரில் மாட்டும் சட்டம்) மாட்டினால் ஒரே ஒரு பிளாக் அளவுள்ள சுவரில் 128×128 புள்ளி கொண்ட படம் கிடைக்கும்.

மேப் என்ற பொருள் 2011-இல் பீட்டா 1.6-இல் வந்தது. வழி தெரியாமல் அலைகிறவர்களுக்காகக் கொடுத்ததை ஆட்டக்காரர்கள் ஓவியத் துணியாக்கிவிட்டார்கள்.

ஒரு படத்துக்கு எத்தனை பிளாக்? எத்தனை நாள் ஆகும்?

128-ஐ 128-ஆல் பெருக்கினால் 16,384. அறுபத்துநாலு அறுபத்துநாலாகக் கட்டினால் சரியாக 256 ஸ்டாக். ஒரு ஷல்கர் பெட்டியில் 27 ஸ்டாக் பிடிக்கும் என்பதால் பத்துப் பெட்டி தேவை. விநாடிக்கு ஒரு பிளாக் வைத்தாலும் நாலரை மணி நேரம் ஆகும். அப்படி யாரும் வைப்பதில்லை. நிறம் மாற்றுவது, தவறி விழுவது, சாப்பிடக் கூப்பிடுவது எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு படத்துக்கு நாலைந்து மாலைகள் போகும்.

ஜூம் பண்ணி பெரிய மேப்பா எடுத்தா இன்னும் தெளிவா வரும்ல?

வராது. எந்த ஜூமிலும் மேப்பில் இருப்பது அதே 128×128 புள்ளிதான். ஒரு படி பெரிதாக்கினால் 256×256 இடத்தை அதே புள்ளிகளுக்குள் அடக்கும். நாலு பிளாக் சேர்ந்து ஒரு புள்ளி. வேலை நாலு மடங்கு, தெளிவு அப்படியேதான். பெரிய படம் வேண்டுமென்றால் ஜூம் செய்யாத மேப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள்.

எங்க கட்ட ஆரம்பிக்கணும்? நான் நிக்கிற இடத்துல மேப் திறந்தா போதாதா?

இதில்தான் பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள், நானும் கெட்டேன். மேப் உங்களை நடுவில் வைத்து வரைவதில்லை. உலகம் முழுவதும் முன்கூட்டியே 128×128 கட்டங்களாகக் கோடு போடப்பட்டிருக்கிறது. நீங்கள் நிற்பது எந்தக் கட்டமோ அதுதான் மேப்பில் வரும். உலக நடுப்புள்ளி உள்ள கட்டம் −64-இல் தொடங்கி 63-இல் முடிகிறது. அடுத்தது 64 முதல் 191 வரை. இப்படியே நாலு பக்கமும் போகும்.

உங்கள் கட்டத்தைக் கண்டுபிடிக்க எஃப்3 அழுத்தி, நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்களில் எக்ஸ், இசட் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றோடும் 64 கூட்டி, 128-ஆல் வகுத்து, கீழ் முழு எண்ணுக்குக் குறைத்து, திரும்ப 128-ஆல் பெருக்கி 64 கழித்தால் தொடக்கம் கிடைக்கும். எக்ஸ் 1000 என்றால் 1064-ஐ வகுக்க 8 சொச்சம்; 8 × 128 − 64 = 960. ஆக 960 முதல் 1087 வரை. மைனஸ் எண்ணில் கவனம் தேவை. இசட் −500 என்றால் −436-ஐ வகுக்க −3.4 வரும். அதைக் கீழே குறைத்தால் −4, −3 இல்லை. எனவே தொடக்கம் −576.

என் முதல் படத்தில் இந்த மைனஸைத்தான் கோட்டைவிட்டேன். கட்டி முடித்து மேப்பைத் திறந்தால் முழுக்கப் பச்சைப் புல். படம் பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தது. அது ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். கட்டம் முழுசாகப் பொருந்தியிருந்ததால் நாலடி நடந்துபோய் வேறு மேப் திறந்து பிழைத்தேன். பாதிக் கட்டம் தள்ளியிருந்தால் அவ்வளவும் இடிப்புதான்.

எந்த மாதிரி படம் எடுத்தா நல்லா வரும்?

தூரத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் புரிகிற படம். ஒரு முகம் ஒரு மேப்பை நிறைத்தால் அழகாக வரும். பத்துப் பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோவைக் கொண்டு வந்தால் பத்துக் கடுகு தெரியும். கூகுளில் கிடைத்ததை அப்படியே ஏற்றாமல், கிம்ப் அல்லது கிரிட்டாவில் (இரண்டும் இலவசம்) சதுரமாக வெட்டி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டி, 128×128-ஆகச் சிறிதாக்கிப் பாருங்கள். அந்தச் சின்னப் படம் உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால் பிளாக்கில் நிச்சயம் பிடிக்காது. ஒரு பிளாக்கைத் தொடுவதற்கு முன்பே படம் பாதி முடிந்துவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்மவர் முகங்களுக்கு ஒரு வசதி உண்டு. 2017-இல் வந்த 1.12-இல் பதினாறு நிற டெரகோட்டாவுக்கும் (சுட்ட களிமண் பிளாக்) மேப்பில் தனி நிறம் கொடுத்தார்கள். ஆரஞ்சு, பழுப்பு, வெள்ளை டெரகோட்டாக்கள் மாநிறத் தோலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். அதற்கு முன்னால் வந்த படங்களில் முகமெல்லாம் மஞ்சள் காமாலை.

படத்த பிளாக்கா மாத்துறது எப்படி? கையால எண்ணணுமா?

வேண்டாம். மேப்ஆர்ட்கிராஃப்ட் என்றொரு இணையக் கருவி இருக்கிறது. பிரவுசரிலேயே ஓடும். படத்தை ஏற்றி, உங்களிடம் இருக்கும் பிளாக்குகளை மட்டும் டிக் செய்தால், ஒவ்வொரு புள்ளிக்கும் எந்த பிளாக் பக்கத்தில் வருகிறதோ அதைப் பொருத்தி, முன்னோட்டமும் மொத்தக் கணக்கும் கொடுக்கும். டைமண்ட், மரகத பிளாக்குகளை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். கணக்கைப் பார்த்தபின் மனசு மாறுவதைவிட அது நல்லது.

அங்கே இறக்கும் கோப்பை லிட்டமேட்டிக்கா என்ற மாடில் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) திறக்க வேண்டும். மாடுகளை ஏற்றித் தரும் ஃபேப்ரிக் என்ற நிரலின் மேல் ஓடும். எங்கே எந்த பிளாக் வர வேண்டுமோ அங்கே கண்ணாடி போல ஒரு நிழல் பிளாக்கைக் காட்டும், தப்பாக வைத்தால் வேறு நிறத்தில் குத்திக்காட்டும். இன்னும் எத்தனை தேவை என்ற பட்டியலும் அதிலேயே இருக்கிறது. கட்டி முடித்ததும் சரிபார்ப்பை ஒருமுறை ஓட்டுங்கள். 16,384-இல் நாலைந்து தப்பாவது எனக்கு எப்போதும் சிக்கும்.

டித்தரிங்னு ஒரு லிஸ்ட் வருது. எதைப் போடுறது?

நம்மிடம் இல்லாத நிறத்தை இருக்கிற இரண்டு நிறத்தைப் புள்ளி புள்ளியாகக் கலந்து காட்டுவதுதான் டித்தரிங். செய்தித்தாள் போட்டோவைக் கிட்டத்தில் பார்த்தால் புள்ளியாகத் தெரியுமே, அந்த வித்தைதான். ஃப்ளாய்ட்–ஸ்டைன்பெர்க் 1976-இல் வந்த முறை. ஒரு புள்ளியில் நிறம் எவ்வளவு பிசகியதோ அதைப் பதினாறு பங்காக்கி வலப்பக்கத்துக்கு 7, கீழ் வரிசையில் இடமிருந்து 3, 5, 1 என்று அக்கம்பக்கத்துக்குத் தள்ளிவிடும். போட்டோவுக்கு அதுதான் என் தேர்வு. பேயர் முறை கோலப்புள்ளி போல ஒழுங்கான வடிவம் விடும். பழைய வீடியோ கேம் சாயல் வேண்டுமென்றால் அழகு.

கார்ட்டூன், சின்னம், எழுத்து என்றால் டித்தரிங்கையே அணைத்துவிடுங்கள். தட்டையான நிறத்தில் அங்கங்கே வேற்றுப் புள்ளி விழுந்து அம்மை போட்டது போல ஆகிவிடும். டித்தர் செய்த படம் கட்டுவதற்கும் கஷ்டம். ஒரே நிறம் தொடர்ச்சியாக வராது, கை ஹாட்பாரில் (திரையின் அடியில் இருக்கும் பொருள் வரிசை) தாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபிளாட்டா கட்டவா, ஸ்டேர்கேஸா கட்டவா?

மேப் ஒவ்வொரு பிளாக்கையும் அதற்கு நேர் வடக்கே இருக்கும் பிளாக்கோடு ஒப்பிடுகிறது. வடக்கே இருப்பதைவிட இது உயரத்தில் இருந்தால் நிறம் வெளிச்சமாக வரும். தாழ்ந்திருந்தால் இருட்டு. சமமாக இருந்தால் நடுத்தரம். எண்ணில் சொன்னால், மூல நிறத்தை 255-ஆல் வகுத்து வெளிச்சத்துக்கு 255, நடுத்தரத்துக்கு 220, இருட்டுக்கு 180 என்று பெருக்குகிறது. எல்லா பிளாக்கையும் ஒரே மட்டத்தில் பரப்பினால் ஒவ்வொரு நிறத்துக்கும் நடுத்தரம் மட்டும்தான். ஏற்றி இறக்கிப் படிக்கட்டு போலக் கட்டினால் ஒவ்வொரு நிறமும் மூன்றாகும். இன்றைய பதிப்பில் மூல நிறம் அறுபதுக்குச் சற்று மேல், ஆக கிட்டத்தட்ட நூற்றெண்பது சாயல்.

முதல் படம் என்றால் ஃபிளாட். அதிலும் பதினாறு நிற கார்பெட் மட்டும் வைத்துச் செய்யுங்கள். ஸ்டேர்கேஸில் ஒவ்வொரு வடக்கு–தெற்கு வரிசையும் தனித்தனி மலை பள்ளமாக இருக்கும். பக்கத்து வரிசை எங்கோ வானத்தில், நீங்கள் எங்கோ பாதாளத்தில். விழுந்து சாவீர்கள், பையிலிருப்பது சிதறும். அழகில் மட்டும் பேச்சே இல்லை, ஸ்பானில் இருக்கும் யானையின் தும்பிக்கைச் சுருக்கம் முழுக்க ஸ்டேர்கேஸ்தான்.

தண்ணீர் மட்டும் விதிவிலக்கு. அதன் சாயல் வடக்குப் பிளாக்கைப் பொறுத்ததல்ல, ஆழத்தைப் பொறுத்தது. ஒன்றிரண்டு பிளாக் ஆழம் வெளிச்சம், பத்துக்கு மேல் இருட்டு.

வெள்ளை வுல் தானே வச்சேன், ஏன் அழுக்கு வேட்டி மாதிரி தெரியுது?

மேலே சொன்ன 220 கணக்குதான். வெள்ளையின் மூல நிறம் 255. ஃபிளாட்டில் அது 220-ஆக இறங்கிவிடும். அதைவிட வெளுப்பாக ஃபிளாட்டில் வேறு எதுவும் கிடையாது. சுத்த வெள்ளை வேண்டுமென்றால் ஸ்டேர்கேஸ்தான் வழி. சுற்றியிருப்பதை இருட்டாக்கினால் கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும் என்பது பழைய தந்திரம், செலவில்லாதது.

படம் ஓகே. ஆனா மேல் ஓரத்துல ஒரு கோடு மட்டும் திட்டுத்திட்டா வருது, ஏன்?

முதல் வரிசைக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கட்டத்துக்கு வெளியே இருக்கும் மண்ணோ கடலோ மரமோ இருக்கும். முதல் வரிசை அதோடு ஒப்பிடப்படுகிறது. படம் அதைவிட உயரத்தில் இருந்தால் அந்த வரிசை முழுக்க வெளுத்துப்போகும். ஆங்கிலத்தில் இதை நூப்லைன் என்று கேலி செய்வார்கள். தீர்வு, கட்டத்துக்கு வடக்கே வெளியே இன்னும் ஒரு வரிசை, 128 பிளாக், ஏதாவது கல்லை வையுங்கள். ஃபிளாட் என்றால் அதே மட்டத்தில். ஸ்டேர்கேஸ் என்றால் கருவி சொல்லும் உயரத்தில்.

மேப்ஆர்ட்கிராஃப்ட் அந்த வரிசையையும் சேர்த்துத்தான் கோப்பில் கொடுக்கும். அதனால் லிட்டமேட்டிக்காவில் கோப்பை வைக்கும்போது இசட் தொடக்கத்தில் ஒன்றைக் குறைக்க வேண்டும். −576-இல் தொடங்கும் கட்டத்துக்கு −577. இதை மறந்தால் படம் முழுக்க ஒரு வரி கீழே இறங்கி, அடி வரிசை அறுந்துபோகும்.

நடுவுல அங்கங்க சம்பந்தமில்லாத புள்ளி வருது. சரிபார்ப்பு எல்லாம் ஓட்டிட்டேன்.

ஒரு வெளுத்த புள்ளியும் அதற்கு நேர் கீழே ஒரு இருண்ட புள்ளியும் ஜோடியாக இருந்தால், அங்கே ஏதோ ஒரு பிளாக் ஒரு மட்டம் உயர்ந்து நிற்கிறது. பெரும்பாலும் ஏறி நிற்க வைத்த மண்ணாக இருக்கும், எடுக்க மறந்திருப்பீர்கள். கூட்டமாக வெள்ளைப் புள்ளி என்றால் பனி. குளிர்ப் பிரதேசத்தில் கட்டாதீர்கள், மேலே விழும் மெல்லிய பனியைத்தான் மேப் பார்க்கும்.

சிவப்புக்கு டிஎன்டி (வெடிமருந்து பிளாக்) வைத்திருந்தால் எண்டர்மேன் என்ற ராட்சசனைச் சந்தேகப்படுங்கள். அவன் தூக்கக்கூடிய பிளாக்குகளில் டிஎன்டியும் உண்டு. ரெட்ஸ்டோன் பிளாக் அதே சிவப்பு, அதை அவன் தொடமாட்டான். ராட்சசர்கள் முளைக்காமலிருக்க டார்ச் எத்தனை வேண்டுமானாலும் நடலாம். டார்ச், கண்ணாடி, தண்டவாளம் எதுவும் மேப்பின் கண்ணுக்குத் தெரியாது.

இவ்ளோ வுல்லுக்கு எங்க போறது?

ஆடு. வெட்டிய வுல்லுக்குச் சாயம் போடாதீர்கள், ஆட்டுக்கே ஒரு தடவை சாயம் போடுங்கள். அதன் பிறகு ஆயுசுக்கும் அந்த நிறத்திலேயே முளைக்கும். புல் மேல் ஆட்டை நிறுத்தி, புல் மேயப்படுவதை அப்சர்வர் கவனித்து, டிஸ்பென்சரில் இருக்கும் கத்தரி தானே வெட்டும்படி பதினாறு கூண்டு கட்டினால் தூங்கி எழும்போது பெட்டி நிறைந்திருக்கும். இரண்டு வுல்லுக்கு மூன்று கார்பெட். மேப்பில் இரண்டுக்கும் ஒரே நிறம். அதனால் ஃபிளாட் படத்துக்குக் கிட்டத்தட்ட 10,924 வுல் போதும். காங்கிரீட்டுக்கும் அதே நிறம்தான், மணலும் சரளையும் தோண்டப் பொறுமை இருந்தால்.

மேப் ஓரமெல்லாம் காலியாவே இருக்கு.

மேப் கையில் இருக்கும்போது மட்டும்தான் வரையும், பைக்குள் இருந்தால் தூங்கும். அந்த இடங்களும் லோட் ஆகியிருக்க வேண்டும். கட்டத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்று, நிரம்பாவிட்டால் நாலு மூலைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். நெதரில் (ஆட்டத்தின் பாதாள உலகம்) முயற்சி செய்யாதீர்கள், அங்கே கூரை இருப்பதால் மேப்பில் இரைச்சல்தான் வரும்.

லாக் பண்ணலைன்னா என்ன ஆகும்?

யாராவது அந்த மேப்பின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால், அப்போது தரையில் என்ன இருக்கிறதோ அது படத்தின் மேல் பதிந்துவிடும். 2019-இல் 1.14-இல் வந்த கார்டோகிராஃபி டேபிளில் மேப்பையும் ஒரு கண்ணாடித் தகட்டையும் வைத்தால் பூட்டிக்கொள்ளும். ஒரு நுணுக்கம்: பூட்டும்போது கிடைப்பது புதிய மேப். பூட்டுவதற்கு முன்பே எடுத்த நகல்கள் பூட்டப்படாமலே திரியும். முதலில் பூட்டுங்கள், பிறகு வெற்று மேப் சேர்த்து நகல் எடுங்கள்.

அப்போ ஆறு மேப் படத்துக்கு ஆறு இடத்துல கட்டினீங்களா?

ஒரே இடத்தில் ஆறு தடவை. பூட்டிய மேப்புக்குத் தரையில் என்ன நடந்தாலும் கவலையில்லை. முதல் துண்டைக் கட்டி, பூட்டி, இடித்து, அதே கார்பெட்டை வைத்து அடுத்த துண்டு. ஒவ்வொரு தடவையும் புதிய வெற்று மேப்பைத் திறக்க வேண்டும், பழையதன் நகலை அல்ல. பெயர்ப் பலகை போல அன்விலில் (பட்டறைக்கல்) "யானை 1", "யானை 2" என்று பெயர் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாட்டும்போது வால் முகத்தில் வந்து நிற்கும். இருட்டு மண்டபம் என்றால் க்ளோ ஐட்டம் ஃபிரேமில் மாட்டுங்கள், படம் பளிச்சென்று இருக்கும்.

தமிழ்ல பேர் எழுதலாமா? கோலம் போடலாமா?

எழுதலாம், ஆனால் நம் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும். கோடு இரண்டு புள்ளி தடிமன், எழுத்து உயரம் குறைந்தது பதினாறு புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் "ஞ" ஒரு கறையாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இரண்டு புள்ளி இடைவெளி விடாவிட்டால் ஒட்டிக்கொண்டு வேறு எழுத்தாகத் தெரியும். ஒரு மேப்பில் ஒரு வரிக்கு ஆறேழு எழுத்துதான் நிம்மதியாக உட்காரும்.

கோலத்தில் வேறொரு சிக்கல். ஏழு புள்ளி, ஒன்பது புள்ளிக் கோலத்துக்கு நட்ட நடுவில் ஒரு புள்ளி வேண்டும். 128 இரட்டைப்படை, அதற்கு நடுப்புள்ளி கிடையாது. என் தங்கை இரண்டு நாள் இதோடு மல்லுக்கட்டிவிட்டு வழி கண்டுபிடித்தாள். புள்ளியை 2×2 ஆகவும் கோட்டை இரண்டு தடிமனாகவும் எடுத்தால் நடு சரியாக விழுகிறது. ஏழு புள்ளிக்குப் பதினாறு பதினாறு தள்ளி வைத்தால் மொத்தம் 98, இரு பக்கமும் 15 ஓரம். செம்மண் நிறத்துக்கு ஆரஞ்சு டெரகோட்டா பரப்பினாள். கோலம் வெள்ளை என்பதால் ஒவ்வொரு வெள்ளையையும் ஒரு மட்டம் தூக்கிப் பார்த்தாள். தெற்கே தொடும் புள்ளிகள் இருண்டு கோலத்துக்கு நிழல் விழுந்தது. அவள் அதை வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிக்கொள்கிறாள்.

நான் மொபைல்ல பெட்ராக் ஆடுறேன். எனக்கு வழி இல்லையா?

மேப்பும் உண்டு, பூட்டும் உண்டு. ஆனால் லிட்டமேட்டிக்கா ஜாவாவுக்கான மாட், உங்களுக்கு ஓடாது. 128×128 படத்தைப் பக்கத்தில் வேறு திரையில் வைத்துக்கொண்டு, 16×16 கட்டமாகப் பிரித்து, கட்டம் கட்டமாகக் கையால் வையுங்கள். அறுபத்துநாலு கட்டம்.

வச்சுத் தர்ற பிரிண்டர் மாட் இருக்கே, அது தப்பா?

சர்வருக்குச் சர்வர் விதி மாறும். பலர் அதை ஏமாற்று வேலையாகவே பார்க்கிறார்கள். பழைய சர்வர் ஒன்றில் கேட்காமல் போட்டுவிட்டு ஒரு வாரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். கேட்டுவிட்டுப் போடுங்கள். சர்வரே உங்களுடையது என்றால் இமேஜ்ஆன்மேப் போன்ற பிளகின் படத்தை நேராக மேப்பில் ஏற்றிவிடும், ஒரு பிளாக் கூட வேண்டாம். கடை போர்டு, விதிமுறைப் பலகைக்கு நானும் அதைத்தான் செய்வேன். யானையை அப்படிச் செய்ய மனசு வரவில்லை.

கஷ்டப்பட்டுக் கட்டின மேப்பை எவனாவது காப்பி எடுத்துட்டுப் போயிட்டா?

பூட்டு படம் மாறாமல் காக்கும், நகலைத் தடுக்காது. ஃபிரேமைத் தட்டினால் மேப் கையில் விழும், ஒரு வெற்று மேப்போடு சேர்த்தால் இரண்டாகும். அதனால் சுவர் இருக்கும் இடத்தை சர்வரின் பாதுகாப்பு எல்லைக்குள் வையுங்கள். விற்கிறவர்கள் மூலையில் சின்னதாக ஒரு குறி வைப்பார்கள். எங்கள் யானையின் வலது பின்னங்கால் நகத்தில் நாலு புள்ளி பச்சை இருக்கிறது. போன மாதம் வேறொரு சர்வரில் ஒரு கடையில் அதே பச்சை நகத்தைப் பார்த்தேன், விலை பன்னிரண்டு டைமண்ட்.